எட்டு மூன்று

நீ முதலில் அழைத்தபோது
காலை எட்டு மணி மூன்று நிமிடம்.
எட்டுக்கு முன் அழைக்கக் கூடாது என்கிறது சட்டம்.
மூன்று நிமிடம் கூடுதலாகவே பொறுத்திருக்கிறாய்.
அந்த நாகரிகத்தை அன்று நான் கவனிக்கவில்லை.

டுலூத் மருத்துவமனையின் நிலவறையில்
இரவெல்லாம் யார் யாரோ படுத்த விரிப்புகளை
வெளுத்து உலர்த்தி மடித்துவிட்டு,
ஏரிக்காற்றில் இரண்டு பேருந்து மாறி வந்து,
சன்னலில் கம்பளியை ஆணியால் அறைந்து
அப்போதுதான் இருட்டைச் செய்து முடித்திருந்தேன்.

"ஐலா நீமிதானே?"
உன் பெயர் பிரெண்ட் என்றாய்.
இரவல் சட்டை மாதிரி
தோளில் உட்காராமல் நின்றது அந்தப் பெயர்.

பதிமூன்று குளிர்காலத்துக்கு முன்
என் வைனோ கடனட்டையில் வாங்கிய
பனி அள்ளும் எந்திரம்.
அறுநூற்று நாற்பது டாலர்.
வைனோ போய்விட்டான்.
எந்திரம் துருவேறிப் பழைய இரும்புக்குப் போனது.
விற்ற கடையும் மூடி, இப்போது அங்கே நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள்.
கடன் மட்டும் கைமாறிக் கைமாறி
ஊட்டமாக வளர்ந்து
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழாய்
உன் மேசைக்கு வந்திருக்கிறது.

"முழுசும் வேண்டாம் மேடம்,
நல்லெண்ணத்துக்கு ஒரு பத்து டாலர்."

தூக்கக் கலக்கத்தில் அட்டையை எடுத்தேன்.
பன்னிரண்டு எண்கள் சொல்லிவிட்டேன்.
பதின்மூன்றாவதில் கைப்பேசி
சார்ஜ் தீர்ந்து செத்தது.
என்னைக் காப்பாற்றியது அறிவு என்று
யாரிடமும் நான் சொல்லிக்கொண்டதில்லை.

மறுவாரம் நிலவறைக்கே அழைத்தாய்.
எடுத்தவள் லொரெட்டா டெஃபோ.
என் பாக்கி எவ்வளவு என்று அவளிடம் சொன்னாய்.
பிரெண்ட்,
அது நீ செய்த தப்பு. ஆளையும் தப்பாகப் பிடித்தாய்.

அவள் என்னை ஆறுதல் சொல்லித் தேற்றவில்லை.
தன் அலமாரியைத் திறந்து
பெயரைக் கறுப்பு மையால் அடித்த
ஒரு கடித நகலை என் வண்டியில் எறிந்தாள்.
"பத்து டாலரா கேட்டான்? குடுத்துடாதே.
சில ஊர்ல, செத்த கடன்
அந்தப் பத்தைத் தின்னுட்டு எழுந்து உட்காரும்.
முப்பது நாளைக்குள்ள எழுதிடு."

எழுதினேன்.
நிரூபி. யார் யாருக்கு விற்றார்கள்?
கடைசியாக நாங்கள் கட்டியது எந்தத் தேதி?
வேலையிடத்துக்கு அழைக்காதே.
பிறகு லொரெட்டாவின் நகலில் இல்லாத ஒன்று:
காலை ஒன்பது மணி என் நடுநிசி.

அசௌகரியமான நேரம் என்று
சட்டத்தில் ஒரு சொல் கிடக்கிறது.
எழுதியவர் பகலில் வேலை பார்ப்பவராகத்தான் இருப்பார்.
இருந்தாலும் அந்தச் சொல்லுக்குள்
என் கட்டிலைப் போட இடம் இருந்தது.

ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால்
ஒன்பது டாலர் சொச்சம் ஆனது.
நீ கேட்ட நல்லெண்ணத்தைவிடக்
கொஞ்சம்தான் மலிவு.

பச்சை அட்டை திரும்பி வந்தது.
கிறுக்கலாய் ஒரு கையெழுத்து, உன்னுடையது இல்லை.
அதன் பின்னால் ஒரே ஒரு தாள்:
கடன் பழையது,
இதற்காக வழக்குத் தொடர மாட்டோம்.
தாங்களாகச் சொன்னதில்லை,
சட்டம் சொல்லவைத்த வாக்கியம்.
ஆனாலும் மூன்று முறை படித்தேன்.

வாங்கவே இல்லை என்று நான் சாதிக்கவில்லை.
வாங்கினோம். நானூறு வரை கட்டினோம்.
கடைசிக் குளிர்காலத்தில் ஆம்புலன்ஸ் வாசல் வரை வந்தது
அந்த எந்திரம் வெட்டிய பாதையில்தான்.
மிச்சம் இருநூற்று நாற்பது
எனக்கும் அந்தப் பாதைக்கும் நடுவே இருக்கிறது.
அதில் உனக்குப் பங்கில்லை.

இப்போது யாரும் அழைப்பதில்லை.
எட்டு மூன்றுக்கு மட்டும்
தானாக விழிப்பு வந்துவிடுகிறது.
நெஞ்சு ஒரு தரம் மணியடித்து ஓய்கிறது.

இதை நிறுத்தச் சொல்லி
யாருக்குக் கடிதம் எழுதுவதென்று
லொரெட்டாவுக்கும் தெரியவில்லை.